டெலிபோன் புத்தகத்தில் ஒரே ஒரு ஓர்ம்ஸ்பி

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மேலதிகமான இரண்டும் என் தம்பியின் பிள்ளைகள்; அவர்கள் கதை முன்னமே சொல்லியாயிற்று. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் சொல்லியாயிற்று.

போன கிழமை இந்தப் பத்தியில் வந்த ஆட்டுக் கதையை வாசித்துவிட்டு ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு பெண் எனக்கு போன் எடுத்தாள். கதை நல்லதாம். ஆனால் என் பேருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பேர் நிற்கிறதே, நான் கலியாணம் கட்டினது வெள்ளைக்காரனையோ என்று கேட்டாள்.

இல்லைப் பிள்ளை. நான் கட்டினது அளவெட்டி நாகலிங்கத்தாரின் மகன் திருச்செல்வத்தை. டென்மார்க் பனியிலும் திருநீறு பூசாமல் வெளியே இறங்காத மனிதர். ஓர்ம்ஸ்பி என்பது நான் பிறந்த வீட்டுப் பேர். அந்தப் பேரால் எனக்கு வந்த வில்லங்கத்தையும், அதை வைத்து நான் செய்த கள்ளத்தையும் இந்தக் கிழமை சொல்லிவிடுகிறேன்.

மேசையில் நாலு கடதாசி

நாங்கள் டென்மார்க்கில் இக்காஸ்டுக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். மாசி மாதக் குளிர். வெளிநாட்டுக்காரரின் கோப்புகளைப் பார்க்கிற அலுவலகத்தில் நம்பர் துண்டு எடுத்துக் காத்திருந்து உள்ளே போனால், மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு மெலிந்த பெண். பக்கத்தில் கோப்பிப் போத்தல். அவள் கடதாசி விளையாடுகிறவள் மாதிரி எனக்கு முன்னால் நாலு பத்திரங்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள்.

நாங்கள் என்றால் நானும் மூத்தவன் ஜெயனும். ஊரில் ஆமிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போய்க் காலை உடைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலோடு இருபத்து நாலு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே கிளம்பி வந்தேன். என் மனிசனும் கடைக்குட்டி வதனியும் அங்கே நின்றுவிட்டார்கள். நடுவில் இரண்டு பேரும் கலியாணம் கட்டிக் கனடாவில். எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் முதல் வேலையாக மனிசனையும் மகளையும் கூப்பிட எழுதிப் போட்டேன். அதைப் பற்றி விசாரிக்கத்தான் அன்றைக்குப் போனது.

மொழிபெயர்க்க ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து செபமாலைத் தம்பி வந்திருந்தார். மன்னார் ஆள், பொறுமைசாலி. அவர் சொல்லித்தான் விளங்கியது. என் குடும்பப் பேர் ஓர்ம்ஸ்பி. கணவர் என்று நான் சொல்லுகிறவரின் குடும்பப் பேர் திருச்செல்வம். மகள் என்று நான் சொல்லுகிறவளின் குடும்பப் பேர் வதனி. மகனுடையது ஜெயன். நாலு பேருக்கு நாலு குடும்பப் பேர் இருக்கிறது, இதில் குடும்பம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்கிறாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். எங்களிடம் குடும்பப் பேர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பேர் முன்னால், தன் பேர் பின்னால். பிள்ளைக்குப் பிள்ளை பேர் மாறும், அதுதான் முறை. என் மனிசனின் தகப்பன் நாகலிங்கம், அவருடைய தகப்பன் விசுவர் என்று வேருக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் சொல்லி முடித்ததும் செபமாலை ஒரே மூச்சில் மூன்று சொல் சொன்னார்.

"உவ்வளவுந்தானோ நான் சொன்னது?" என்றேன்.

"அக்கா, அவவுக்குப் பத்து மணிக்குக் கோப்பி. கட்டையாச் சொன்னாத்தான் காதில விழும்."

அந்தப் பெண் யோசித்துவிட்டு நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். தகப்பன் பேரையோ புருசன் பேரையோ போடுவதுதான் உங்கள் முறை என்றால், நீங்கள் மட்டும் ஏன் ஓர்ம்ஸ்பி?

 அந்தப் பேரைக் கொடுத்தது என் கொழுப்பு.

எல்லையில் என் வாய்

எங்களைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டுகளைப் பாதி வழியிலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பாஸ்போட்டில் நான் திருச்செல்வம் ஞானமலர்தான். கையில் ஒன்றுமில்லாமல் டென்மார்க் பொலிசுக்கு முன்னால் வந்து நின்றபோது, வாயால் சொல்லுவதுதான் பேர்.

நான் மூன்று நாள் உடுத்த சேலையோடு, தலை கலைந்து, சளி பிடித்து நிற்கிறேன். பொலிஸ்காரன் சின்னப் பெடியன். என்னைப் பார்க்காமலே குடும்பப் பேர் என்ன என்று கேட்டான். எனக்கு அந்தப் பார்க்காததுதான் சுட்டது. குடும்பம் என்றால் எங்கள் ஊரில் இன்ன வளவு, இன்ன ஆட்கள் என்று நாலு தலைமுறை சொல்லுகிற சாமான் அல்லவா. நான் யார் என்று இவனுக்குத் தெரியட்டும் என்று நாடியை நிமிர்த்தி, "ஓர்ம்ஸ்பி" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எழுதியும் விட்டான். பக்கத்தில் நின்ற ஜெயன் என் காலை மிதித்தான், அதற்குள் மை காய்ந்துவிட்டது.

குளிர்ச்சட்டை

இனி அந்தப் பேர் எங்களிடம் வந்த வழி.

என் பூட்டனாருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் கந்தன். அமெரிக்கப் பாதிரிமார் மானிப்பாய்ப் பக்கம் பள்ளிக்கூடம் வைத்து, பிள்ளைகளைத் தங்க வைத்துச் சோறும் எழுத்தும் கொடுத்த காலம். கடலுக்கு அப்பால் யாராவது ஒரு பெரிய மனிதர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டைப் பொறுப்பெடுப்பார். பொறுப்பெடுத்தவரின் பேரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். அதுதான் வழக்கம். பாயில் வரிசையாக இருந்து கஞ்சி குடிக்கிற கறுத்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பேர். கந்தனின் சோற்றுக்கு வந்தவள் ஓர்ம்ஸ்பி என்ற ஒரு சீமாட்டி. கந்தன் காலையில் கந்தனாக எழும்பி மாலையில் ஓர்ம்ஸ்பியாகப் படுத்தார்.

மற்றப் பிள்ளைகள் வளர்ந்ததும் சோற்றுப் பேரைக் கழற்றிவிட்டுத் தங்கள் பேருக்கே திரும்பிவிட்டார்கள். பூட்டனார் கழற்றவில்லை. நன்றி மறக்கக்கூடாது என்றாராம். எனக்கென்றால் அந்தப் பேரின் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பு. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

சீமாட்டி ஒரு முறை கப்பலில் கம்பளிக் குளிர்ச்சட்டை ஒன்றும் அனுப்பினாள். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு. அதைப் பூச்சி அரிக்காமல் பூச்சிமுட்டை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் கலியாணத்தன்று போட்டுவிடுவார்கள். என் அக்காவைக் கட்டின அத்தார் அதைப் போட்டுக்கொண்டு மணவறையில் மயங்கியே விழுந்தார்.

என் மனிசன் மட்டும் போடமாட்டேன் என்றார். அப்போது அவர் இளம் தபால் கந்தோர்க்காரர், தமிழ் தமிழ் என்று நின்ற ஆள். "பெண்ணைத் தாங்கோ, கம்பளியை நீங்களே வைச்சிருங்கோ" என்று என் அப்பாவுக்கு முகத்துக்கு நேரே சொன்னவர். பேரிலும் அவருக்கு அதே நிலைதான். கலியாணத்தோடு ஓர்ம்ஸ்பி போய்விட வேண்டும் என்றார். போய்விட்டது. டென்மார்க் எல்லை வரைக்கும்.

நூலகத்துக் கிர்ஸ்டன்

அலுவலகத்துப் பெண், இந்தப் பேர் எங்கிருந்து வந்தது, எப்படி எனக்கு வந்தது, யார் யாரிடம் இருக்கிறது என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். மூன்றாம் வகுப்புக்காரிக்குச் சரித்திரம் எழுதுகிற வேலை. அவசரமும் இருந்தது. வதனிக்குப் பதினாறரை. பதினெட்டு முடிந்தால் பிள்ளை என்ற வரிசையில் வரமாட்டாள், பிறகு அவளைக் கூப்பிட வழியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். டென்மார்க்கில் கிழமைக்கும் நம்பர் உண்டு. அடுத்த வருடம் நாற்பத்திரண்டாம் கிழமை அவளுக்குப் பதினெட்டு. நான் வேலை செய்த உடுப்புத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பெட்டிக்கு மேலே ஒரு கலண்டர் தொங்கும். ஆவி மறைத்தாலும் அந்த நம்பர் எனக்குத் தெரியும்.

நூலகத்தில் கிர்ஸ்டன் என்று ஒருத்தி இருந்தாள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. செபமாலை விசயத்தைச் சொன்னதும் அவளுக்கு என்னைவிட ஆவல் வந்துவிட்டது. ஓகூஸ் பட்டணத்திலிருந்து தடித்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்றை வரவழைத்து, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வாசிக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு துண்டு எடுத்துப் பாம்பு ஒன்று கீறினாள். அதற்குப் பக்கத்தில் நாலு வீடு.

பேரில் முன் துண்டு ஓர்ம். இப்போது டேனிஷில் அது புழு. ஆதியில் பாம்பு. முன்னாளில் இங்கே ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் பேர் வைத்திருக்கிறார்கள். பின் துண்டு பி, டேனிஷில் அது ஊர். எங்கள் பஸ் போர்டிலும் அதே சொல்தான் எழுதியிருக்கிறது, நான் தினமும் அதைப் பார்த்துத்தான் ஏறுகிறேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னம் ஓர்ம் என்ற டென்மார்க்காரன் ஒருவன் வள்ளம் ஏறி இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்குப் போய், காணி பிடித்துக் குந்திவிட்டான். அது ஓர்மின் ஊர். அப்படிப் பல ஓர்ம்கள், பல ஊர்கள். பிறகு அந்த ஊரில் இருந்தவர்கள் ஊர்ப் பேரைத் தங்கள் பேராக்கிக்கொண்டார்கள். அதில் சிலர் அயர்லாந்துக்குப் போனார்கள், சிலர் அமெரிக்காவுக்கு. அங்கே ஒருத்தி கந்தனுக்குச் சோறு போட்டாள்.

நான் செபமாலையைப் பார்த்தேன். "தம்பி, அப்ப இந்தப் பேர் இங்கிலீசு இல்லை. இவையளின்ர."

"ஓம் அக்கா. உங்களுக்கு வாலைப் பிடிச்சுத் தந்திட்டினம்."

யாரிடம் இருக்கிறது என்பதையும் கிர்ஸ்டன் விடவில்லை. பேர் அருமை என்று புத்தகத்தில் இருந்ததாம். நூலகத்தில் இருந்த லண்டன் டெலிபோன் புத்தகத்தைப் பார்த்தாள். விரல் கொஞ்சத் தூரம் ஓடி நின்றுவிட்டது. டென்மார்க் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். முழு நாட்டுக்கும் ஒரே ஒரு ஓர்ம்ஸ்பி. இக்காஸ்டில். வீட்டு டெலிபோனை என் பேரில் எடுத்திருந்தோம்.

ஆயிரம் வருடத்தில் வீடு திரும்பிய ஒரே ஆள் நான் என்று நினைத்ததும் எனக்கு நடை மாறிவிட்டது. பஸ்ஸில் கூட நிமிர்ந்தே இருந்தேன்.

தோள் அசைவு

நான் சொன்னது ஆறு பக்கம். செபமாலை எழுதித் தந்தது ஒரு பக்கம். அதை அலுவலகத்துப் பெண்ணிடம் கொடுக்கும்போது நான் சொல்லுகிற ஒரு வசனத்தை மட்டும் அப்படியே மொழிபெயர்க்க வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"எங்கட ஆக்கள் இஞ்ச இருந்து போய்க் கனகாலம். இப்பத்தான் வந்திருக்கிறம். மிச்ச ரெண்டு பேரையும் விடுங்கோ எண்டு சொல்லும்."

செபமாலை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அந்தப் பெண் முதல் தரம் சிரித்தாள். வீட்டுக்கு நல்வரவு என்றாள். கடதாசியில் முத்திரை குத்தினாள். கோப்பில் வைத்தாள். கோப்பை மூடினாள்.

எல்லாருக்கும் ஒரே பேர் இருந்தால் கெதியாக நடக்குமா என்று கேட்டேன். அவள் தோளைக் கொஞ்சம் தூக்கி இறக்கினாள். கெடுதி இல்லை என்கிறாள் என்று செபமாலை சொன்னார்.

மாதங்கள் போயின. கோப்பு அசையவில்லை. எப்போது கேட்டாலும் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள். அந்தத் தோள் அசைவை நம்பித்தான் நான் மனிசனுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

சிவப்பு மை

அப்போது அவரும் வதனியும் சண்டைக்குத் தப்பிக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார்கள். வதனி டைப்பிங் படித்தாள். அவர் ஓய்வு பெற்ற தபால் அதிபர். செய்ய வேலை இல்லாததால் என் கடிதங்களைத் திருத்தினார். உண்மையாகத்தான். நான் எழுதிய கடிதம் சிவப்பு மையில் திருத்தப்பட்டு எனக்கே திரும்பி வரும். அடியில் பத்துக்கு இத்தனை என்று புள்ளியும் இருக்கும். மூன்றுக்கு மேல் நான் எடுத்ததில்லை.

இந்தத் தரம் நான் எழுதியது இதுதான். கொழும்பில் ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்து, நீங்களும் பிள்ளையும் ஓர்ம்ஸ்பி என்று பேர் மாற்றுங்கோ. எல்லையில் நான் விட்ட பிழையால்தான் கோப்பு நிற்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வருகிறது.

பதில் பறந்து வந்தது. எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தவில்லை, அவ்வளவு கோபம்.

"நான் நாகலிங்கத்தின் மகன். கம்பளிச் சட்டையையே போடாதவன், இந்த வயதில் பேரைப் போடுவனோ. பெண்சாதியின் வீட்டுப் பேரை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு ஊருக்குள் போவது. நீர் செய்த கூத்துக்கு நீரே ஆடும்."

எங்கள் பக்கத்தில் ஆம்பிளை ஒருவர் மனிசி வீட்டுப் பேரை எடுப்பது என்றால் சின்ன விசயம் இல்லை. செத்த வீட்டில்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும். ஆனால் கலண்டரில் கிழமை நம்பர் ஏறிக்கொண்டிருந்தது.

நான் கிர்ஸ்டன் கீறின பாம்புப் படத்தை உறைக்குள் வைத்து, இப்படி எழுதினேன். ஓர்ம் என்றால் பாம்பு. உங்கள் அப்பாவின் பேரில் முன்னுக்கு நிற்பது என்ன, நாகம். அது வடக்குப் பாம்பு, இது தெற்குப் பாம்பு. பேரை மாற்றச் சொல்லவில்லை, கொப்பர் பேரையே டேனிஷில் எழுதச் சொல்லுகிறேன்.

இதற்குப் பதில் இல்லை. ஒரு மாதம், மூன்று மாதம், அரை வருடம். வதனி மட்டும் எழுதுவாள். அப்பா சுகம், பாம்புப் படம் சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்திரண்டாம் கிழமை வந்தது. நான் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டைகளில் ஒன்றில் பெட்டியை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். முதுகில் பெரிய கறுத்த முக்கோணம். என் வாய் நிமிர்ந்து சொன்ன ஒரு சொல்லால் பிள்ளை வெளியே நிற்கிறாள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. அந்த மாரிக் குளிர் முழுக்க நான் ஒருவரிடமும் ஓர்ம்ஸ்பி என்று சொல்லவில்லை. கேட்டால் ஞானம் என்று மட்டும் சொன்னேன்.

ஒரே அலுமாரி

ஒரு ஞாயிறு செபமாலை வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், ஆனால் குளிர்ச்சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே கதிரையில் இருந்தார். பேப்பரில் வந்துவிட்டதாம், டெலிவிசனிலும் சொல்லுகிறார்களாம்.

"அக்கா, உங்கட பேரில பிழையில்லை. தமிழாக்களின்ர குடும்பக் கோப்பு ஒண்டையும் பாக்க வேண்டாம், அடியில வையுங்கோ எண்டு மேல இருந்து சொல்லியிருக்கினம். எல்லாற்ற பேரும் ஒரே அலுமாரியிலதான் கிடந்திருக்கு."

பிறகு நடந்தது இந்த நாட்டுக்கே தெரியும். பெரிய விசாரணை வந்தது, கடைசியில் அரசாங்கமே விழுந்தது. தமிழர் என்ற எங்கள் பேரால் ஒரு அரசாங்கம் விழுந்ததைப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் வாயால் இல்லை. என் கொழுப்பால் இல்லை.

அழுது முடிந்ததும், உண்மையைச் சொன்னால் என்ன, கொஞ்சம் கோபமும் வந்தது. அவ்வளவு பெரிய பேர். ஆயிரம் வருடத்துச் சரித்திரம். அதை விசேடமாக ஒருவரும் தள்ளிவைக்கவில்லை. வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

மனம் ஆறி, இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் மனிசனுக்கு இனிப் பேரை மாற்ற வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். நான் எழுத்துக் கூட்டி முடிக்க நாலு நாள் ஆகும். மூன்றாம் நாள் அவருடைய கடிதம் வந்தது. உள்ளே முத்திரை குத்திய சத்தியக் கடதாசி. இன்று முதல் அவர் நாகலிங்கம் திருச்செல்வம் ஓர்ம்ஸ்பி. பிள்ளை வதனி ஓர்ம்ஸ்பி. அடியில் ஒரு வரி:

"நாகம் என்பதால் சம்மதித்தேன். வேறு காரணம் இல்லை."

நான் எழுதிய கடிதத்தைக் கிழித்தேன். இதுதான் என் கள்ளம். இனி அவரிடம் உண்மை சொன்னால், வீணாக மானம் கெட்டேன் என்று சாகும்வரை சொல்லுவார். ஆகவே அவர் கடிதம் கிடைத்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கோப்பு அசைகிறது என்று எழுதிப் போட்டேன்.

அசைந்தது, ஆனால் அந்தக் கடதாசியால் இன்னும் சிக்கல்தான். அலுவலகத்துப் பெண் கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள். திருச்செல்வம் எங்கே போனார், இந்தப் புது ஓர்ம்ஸ்பி யார், நீங்கள் மறுமணமா என்று கேட்டாள். செபமாலை அன்றைக்கு முதல் தரம் நான் சொன்னதைவிட நீளமாக மொழிபெயர்த்தார்.

வதனியின் வயதில்தான் எனக்கு உயிர் ஊசலாடியது. பதினெட்டும் சில மாதமும். எழுதிப் போட்ட நாளில் அவளுக்கு என்ன வயது என்பதையே எங்கள் விசயத்தில் பார்த்தார்கள். விட்டார்கள்.

தேத்தண்ணி

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவர் வெளியே வந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திருநீறு, வேட்டிக்கு மேலே யாரோ கொடுத்த கம்பளிக் குளிர்ச்சட்டை. நான் சட்டையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரு சொல்லும் சொல்லப்படாது" என்றார். பின்னால் வதனி. என்னைவிட உயர்ந்துவிட்டாள். அவள் தோளில்தான் என் தலை முட்டியது.

அன்றிலிருந்து இருபத்தைந்து வருடம் அந்த மனிதர் அந்தப் பேரை வைத்துப் பிழைத்தார். எனக்கும் அவருக்கும் கொளுவல் வந்தால் கடைசி வரி அதுதான். "உமக்காகப் பேரையே மாத்தினவன் நான்." உடனே நான் எழும்பித் தேத்தண்ணி போடுவேன். மீனில் நடுத்துண்டு அவருக்கு. டெலிவிசனில் அவர் கேட்கிற நிகழ்ச்சி. வாசலில் பனி வழிப்பது நான். எனக்குள் குற்றம் குறுகுறுக்கும். அவருக்கு உண்மை தெரியாது, தெரிந்தால் உடைந்துபோவார் என்று நினைத்தேன்.

இடையில் பேரும் பெருகியது. வதனி கலியாணத்துக்குப் பிறகும் அதை விடவில்லை, பிள்ளைகளுக்கும் வைத்தாள். ஜெயனும் தன் பிள்ளைகளுக்குப் போட்டான். அவனுடைய பெடியன் ஒருவன் ஹ்விடோவ்ரேயில் இரட்டைப் பிள்ளை பெற்றிருக்கிறான். இப்போது டென்மார்க்கில் என்னைச் சேர்க்காமல் ஓர்ம்ஸ்பி பதினொரு பேர். பதினொன்றும் என் வயிற்று வழி. கிர்ஸ்டன் ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனாலும் நத்தார்ப் பண்டிகைக்கு அட்டை அனுப்பும்போது ஒரு பாம்பு கீறி எத்தனை என்று கேட்பாள்.

அவர் போய் இப்போது எட்டு வருடம். இந்தக் கிழமை இதை எழுதுவதற்கு முன்னம், வதனியைக் கூப்பிட்டு இருத்தி, நான் கொப்பரை ஏமாற்றினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேர் மாற்றினதால் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாருடைய கோப்பும் ஒன்றாகத்தான் கிடந்தது, நான் மறைத்துவிட்டேன் என்றேன்.

வதனி பருப்புக் கழுவிக்கொண்டு நின்றாள். கையை எடுக்கவே இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமம்மா. கொழும்புப் பேப்பரிலயும் வந்ததுதானே. நான்தான் வாசிச்சுக் காட்டினனான். அடுத்த நாள்தான் சத்தியக் கடதாசி முடிக்கப் போனவர்."

"தெரிஞ்சும் ஏன் போனவர்?"

"நானும் கேட்டனான். 'கொம்மா தன்ர பிழை எண்டு நினைச்சு உருகுறா. இதை அனுப்பினா மனுசிக்கு நித்திரை வரும்' எண்டார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, 'எனக்கும் ஆயுளுக்கும் ஒரு தேத்தண்ணி நிச்சயம்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் படி இறங்கினவர்."

இத்தனை நாளும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கினவராம். தேத்தண்ணி நின்றுவிடுமாம்.

 இருபத்தைந்து வருடம் அவரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஏமாந்திருக்கிறேன். நடுத்துண்டு மீன். பனி வழித்தது.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் வதனியின் மகள் மீரா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், எழுத்து என்னைவிடத் திறம்.

எழுதினது காணும், மீரா. முதலிலயிருந்து ஒருக்கா வாசி. அம்மப்பா வாற இடமெல்லாம் கொஞ்சம் ஆறுதலா வாசி பிள்ளை. அந்தாள் என்னை எங்கயெங்க பேய்க்காட்டினவர் எண்டு நான் இப்பத்தான் பாக்கப் போறன்.